நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் வாழ்வு: ஆய்வுக் காகிதங்களும் ஆவணங்களும்

நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் ஆவணங்கள் என்பது, மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அமைந்த அம்மாநிலத்தின் காப்பி, ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பங்களின் வேலை, கூலி, குடியிருப்பு, உறவுமுறை, சங்க வாழ்வு ஆகியவற்றைப் பற்றி அரசு அலுவலர்களும் கம்பெனிகளும் தொழிற்சங்கத்தாரும் சமூக அறிவியலாளர்களும் எழுதிச் சேர்த்த காகிதங்களின் தொகுதியைக் குறிக்கும். இத்தொகுதி ஒரு கூரையின் கீழ் இருப்பதன்று. கோலாலம்பூரிலும் லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் கான்பெராவிலும் புதுதில்லியிலும் சென்னையிலும் அது பிரிந்து கிடப்பதால், ஒரு தோட்டத்தின் கதையை முழுமையாக எழுத விரும்பும் ஆய்வாளர் மூன்று நாடுகளின் கோப்புகளையாவது புரட்ட வேண்டியிருக்கிறது. இக்காகிதங்களில் பெரும்பாலானவை தொழிலாளரால் எழுதப்பட்டவை அல்ல. தொழிலாளரைக் கணக்கிடவும் மேற்பார்வையிடவும் புரிந்துகொள்ளவும் முயன்ற பிறரால் எழுதப்பட்டவை. எந்தத் தாளை எடுத்தாலும் அதை யார், எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்டுக்கொண்ட பிறகே அதன் சொல்லை நம்ப முடியும்.

இடமும் தொழிலும்

இம்மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த புக்கிட் பெலண்டோக்கும் அதைச் சூழ்ந்த லுக்குட், ரந்தாவ் வட்டாரங்களும் பழைய சுங்கை ஊஜோங் நிலப்பகுதியோடு தொடர்புடையவை. 1891இல் சிரம்பானையும் போர்ட்டிக்சன் துறைமுகத்தையும் இணைத்த ரயில் பாதை திறக்கப்பட்ட காலத்தில் இப்பகுதியில் ஈயமும் காப்பியும் முதன்மை பெற்றிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ரப்பர் விலை ஏறியபோது காப்பி நிலங்களும் காடுகளும் வேகமாக ரப்பர்த் தோட்டங்களாயின. மாநிலம் 1896 முதல் ஐக்கிய மலாய் மாநிலங்களில் ஒன்றாக இருந்ததால், தொழிலாளர் சட்டமும் தொழிலாளர் துறையும் அக்கூட்டமைப்பின் தலைமையகத்திலிருந்து இங்கும் செயல்பட்டன. ஆதலால் இவ்வட்டாரத் தோட்டங்களைப் பற்றிய செய்திகள் மாநிலச் செயலகக் கோப்புகளிலும் கூட்டமைப்பின் கோப்புகளிலும் இரண்டாகப் பிரிந்து பதிவாகியுள்ளன.

தோட்டத்தின் அன்றாடம் பெரட்டுக் களத்தில், அதாவது விடியுமுன் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில் தொடங்கியது. பெயர் கூப்பிட்டு முடிந்ததும் பால் வெட்டுவோர் தத்தம் நிரைக்கு, அதாவது தமக்கு ஒதுக்கப்பட்ட மர வரிசைக்குச் சென்று, வெயில் ஏறுமுன் பட்டையைச் சீவி மங்குகளைப் பொருத்திவிட்டு, முற்பகலில் பாலைச் சேகரித்து வாளிகளில் ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுக்கக் கொடுத்தனர். புல் வெட்டுதல், மருந்து அடித்தல் போன்றவை வெளிக்காட்டு வேலை எனப்பட்டன. இவ்வேலைகளுக்கு மேலே மேற்பார்வையாளர்களான கங்காணி, மண்டோர், எழுத்தரான கிராணி, உதவி மேலாளரான சின்ன துரை, மேலாளரான பெரிய துரை என அதிகாரப் படிகள் இருந்தன. கிராணி ஒவ்வொரு நாளும் நிரப்பிய செக்ரோல் என்னும் வருகை, கூலிப் பதிவேடே தோட்டத்தில் உருவான முதன்மைக் காகிதமாகும். ஒருவர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு பால் கொண்டுவந்தார், அரிசிக்கும் முன்பணத்துக்கும் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்பன அதில் வரிவரியாக இருக்கும். பிற்கால ஆய்வாளர்களின் கூலிக் கணக்குகள் பலவற்றுக்கு இத்தகைய பேரேடுகளே அடித்தளமாயின.

குடியேற்றக் காகிதங்கள்

மிகப் பழைய அடுக்கு குடியேற்றத்தைப் பற்றியது. ஒப்பந்தக் கூலிமுறையில் ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்ட பிறகு கங்காணி முறையே வழக்காயிற்று. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் உரிமச்சீட்டுப் பெற்றுச் சொந்த ஊருக்குப் போய், தம் உறவினரையும் ஊராரையும் சாதியாரையும் திரட்டி அழைத்துவருவதே அம்முறை. இதற்கான செலவைத் தோட்ட முதலாளிகளிடம் வரியாகத் திரட்டி ஏற்கும் பொருட்டு 1907இல் இந்தியக் குடியேற்றக் குழுவும் அதனோடு ஒரு நிதியும் தோன்றின. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்களைச் சோதித்துக் கப்பலேற்றினர். இந்த நடைமுறையின் ஒவ்வொரு கட்டமும் காகிதமாயிற்று. சென்னை மாகாண அரசின் ஆணைகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், இந்திய அரசின் குடிபெயர்வுக் கோப்புகள் புதுதில்லித் தேசிய ஆவணக் காப்பகத்திலும், மலாயாவிலிருந்து பிரிட்டிஷ் காலனி அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. அக்காப்பகத்தில் சி.ஓ. 273 என்னும் தொடர் நீரிணைக் குடியேற்றங்களுக்கும், சி.ஓ. 717 என்னும் தொடர் ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கும் உரியன.

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் விளைவாக மலாயாவில் இந்திய அரசின் முகவர் ஒருவர் அமர்த்தப்பட்டார். ஆர். சுப்பையா நாயுடு உட்பட, போருக்கு முன்பிருந்த முகவர்கள் வெளியிட்ட ஆண்டறிக்கைகள் இக்காலத்துக்கு இன்றியமையாத சான்றுகள். தோட்டம் தோட்டமாகச் சென்று பார்த்த ஓர் அலுவலர் கூலி விகிதம், லயங்கள் என்னும் வரிசை வீடுகளின் நிலை, பிள்ளைமடம் என்னும் குழந்தைக் காப்பகம், பள்ளி, கள்ளுக்கடை, ஆண் பெண் விகிதம் என்று தலைப்பிட்டு எழுதியவை என்பதால், துரைமார் கம்பெனிக்கு எழுதிய கடிதங்களில் காணக் கிடைக்காத பல செய்திகள் அவற்றில் உண்டு. தோட்டக் கம்பெனிகளோடும் மலாயா அரசோடும் இணக்கம் காக்க வேண்டிய பதவியில் இருந்தபடியே அவர்கள் எழுதினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கடுமையான குற்றச்சாட்டுகள் மென்மையான சொற்களில் புதைந்து கிடக்கும்.

கூலித் தகராறுகளுக்கும் இவ்வறிக்கைகளே வழிகாட்டி. 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்னும் பெண்ணுக்கு 40 சென்னும் நிலைக்கூலியாக வரையறுக்கப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் அது வெட்டப்பட்டது. இந்திய அரசியல் தலைவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து ஆராய்ந்து 1937இல் அளித்த அறிக்கை, பழைய கூலியை மீட்கவும் கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதைக் கைவிடவும் பரிந்துரைத்தது. அவ்வறிக்கை தோட்டத் தரப்பிடம் மென்மை காட்டியதென அன்றே பலர் குறை கூறினர். கூலி மீண்டும் குறைக்கப்பட்டதை அடுத்து, 1938 ஜூனில் உதவிபெற்ற கூலித் தொழிலாளர் குடிபெயர்வை இந்திய அரசு தடை செய்தது. அதன் பிறகு தோட்டங்களின் மக்கள்தொகை புதுவரவால் அன்றிப் பிறப்பாலேயே வளர்ந்தது. மலாயாவில் பிறந்து வளர்ந்த இந்தத் தலைமுறையைத்தான் பின்வந்த மானிடவியலாளர்கள் சந்தித்தார்கள்.

1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரப் போராட்டத்தின் கோரிக்கைகளில், துரை எதிர்ப்பட்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிப்பதும் ஒன்று. கூலி உயர்வோடு இதையும் எழுதிக் கொடுத்த தொழிலாளர்கள், தோட்ட வாழ்வில் தமக்கு எது வலித்தது என்பதை எந்த அறிக்கையையும் விடத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். ஜப்பானியர் ஆட்சி நிலவிய 1942 முதல் 1945 வரையிலான காலத்தில் முகவர் அறிக்கைகளும் தொழிலாளர் துறை அறிக்கைகளும் நின்றுபோயின. சயாம், பர்மா ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களுள் பெருந்தொகையினர் மாண்டது இந்தக் காலத்தில்தான். இந்த ஆவண இடைவெளியைப் பிற்காலத்தில் உயிர்தப்பியோரின் வாய்மொழியும், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்களும் ஓரளவு நிரப்பியுள்ளன.

சங்கக் காகிதங்களும் சார்லஸ் காம்பாவும்

போருக்குப் பிந்திய தொழிற்சங்க வரலாற்றில் நெகிரி செம்பிலானுக்குத் தனி இடம் உண்டு. 1946இல் அங்கு உருவான இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் செயலாற்றத் தொடங்கிய பி.பி. நாராயணன், பின்னர் பல சங்கங்கள் ஒன்றிணைந்து 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது அதன் தலைமைக்கு வந்தார். இடையில் 1948இல் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இடதுசாரிக் கூட்டமைப்புகள் கலைக்கப்பட்டன. அனைத்து மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். ஆகவே நிலைத்துநின்ற சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகளும் கூட்டு ஒப்பந்தங்களும் ஒழுங்காகச் சேர்ந்திருக்க, நசுக்கப்பட்ட சங்கங்களின் குரல் பெரும்பாலும் காவல்துறை, உளவுத்துறைக் கோப்புகளின் வழியாகவே வந்து சேர்கிறது. ஒடுக்கியவரின் கையால் எழுதப்பட்ட சான்றிலிருந்து ஒடுக்கப்பட்டவரின் நோக்கத்தை மீட்டெடுப்பது, இத்துறை ஆய்வாளர் எதிர்கொள்ளும் மிகக் கடினமான பணியாகும்.

இந்தக் காகிதங்களை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர்களுள் சார்லஸ் காம்பா குறிப்பிடத்தக்கவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்து, பின்னர் சிங்கப்பூர்த் தொழில் நடுவர் நீதிமன்றத்தின் தலைவராகவும் பணியாற்றிய இவர், மலாயாத் தொழிற்சங்க இயக்கத்தின் தோற்றம் பற்றியும் தோட்டத் தொழிலாளரின் 1946 முதல் 1958 வரையிலான வரலாறு பற்றியும் எழுதிய இரு நூல்கள் 1962இல் வெளிவந்தன. சம்பளப் பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம், சங்கப் பதிவு ஆகியவற்றில் அவர் கவனம் குவிந்தது. சங்கக் கூட்டம் முடிந்து தொழிலாளி லயத்துக்குத் திரும்பிய பிறகு நடந்தவை அவர் நூல்களின் எல்லைக்கு வெளியே நின்றன. அந்த வாழ்வின் ஒரு பகுதி சங்கத்தின் தமிழ் இதழான ‘சங்கமணி’யிலும், ‘தமிழ் நேசன்’, ‘தமிழ் முரசு’ ஆகிய நாளிதழ்களிலும் பதிவாகியுள்ளது. அவ்விதழ்களில் வந்த கடிதங்களும் தோட்டச் செய்திகளும் சமூக அறிவியலாளரின் குறிப்பேடுகளுக்கு இணையான மதிப்புடையவை. ஆயினும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வுகளில் அவற்றுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. இது அத்துறையின் பெருங்குறை.

ரவீந்திர ஜெயினின் ஆய்வு

தோட்டத்துக்குள்ளேயே தங்கி, தொழிலாளர் வாழ்வை முழுமையாக எழுத முயன்ற ஆய்வுகளில் ரவீந்திர கே. ஜெயினுடையது தலையாயது. இந்தியாவைச் சேர்ந்த இம்மானிடவியலாளர் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக 1960களின் தொடக்கத்தில் மலாயா ரப்பர்த் தோட்டம் ஒன்றில் களப்பணி செய்தார். 1966இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, திருத்தப்பெற்று 1970இல் யேல் பல்கலைக்கழகப் பதிப்பக வெளியீடாக நூல் வடிவம் பெற்றது. மலாயாவின் தோட்ட எல்லையில் வாழ்ந்த தென்னிந்தியரைப் பற்றிய அந்நூலில் தோட்டம் பால் மெலாயு என்னும் மாற்றுப் பெயரால் குறிக்கப்படுகிறது. ஜெயின் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் பணியாற்றி, புலம்பெயர்ந்த இந்தியச் சமூகங்களை ஒப்பிட்டு எழுதியவர்களுள் முன்னோடியானார்.

களப்பணி என்பது ஆய்வாளர் ஓரிடத்தில் நெடுநாள் தங்கி, அங்குள்ளோரின் மொழியையும் பழக்கத்தையும் கற்று, அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் நாட்குறிப்பாக எழுதிச் சேர்க்கும் முறையாகும். இதில் வீட்டுக் கணக்கெடுப்பு, வம்சாவளிப் படம், வேலைக் குழுக்களின் பட்டியல், கோயில் திருவிழாச் செலவு, பஞ்சாயத்து வழக்குகளின் குறிப்பு எனப் பலவகைக் காகிதங்கள் உருவாகின்றன. தமிழர் தோட்டத்தைப் பொறுத்தவரை இவற்றுள் வம்சாவளிப் படங்களுக்கு அளவிறந்த பயன் உண்டு. கங்காணி தம் உறவினரையே அழைத்துவந்ததால், வேலைக்குழுவும் சொந்தக்காரர் வட்டமும் தொடக்கத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் அந்தப் பின்னலை அடுத்த தலைமுறைக்கும் கொண்டுசென்றன. யார் யாருக்கு என்ன முறை என்பது தெரியாமல், யார் எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தார், யார் எந்தச் சங்கத்தில் சேர்ந்தார், திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை கிடைத்தது என்பவற்றை விளக்க இயலாது. செக்ரோல் ஒருவரைத் தனி ஆளாக மட்டுமே காட்ட, வம்சாவளிப் படம் அவரைக் குடும்பத்துக்குள் வைத்துக் காட்டியது. உறவுமுறையையும் தொழில் ஒழுங்கையும் அதிகாரத்தையும் ஒரே ஆய்வில் இணைத்துப் பார்த்ததே ஜெயினின் நிலைத்த பங்களிப்பு.

தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைப்பது மானிடவியலில் வேரூன்றிய வழக்கம். துரையைப் பற்றியும் கிராணியைப் பற்றியும் மனம்விட்டுப் பேசியவர் பின்னர் தண்டிக்கப்படாமல் காப்பதே இதன் நோக்கம். வேலையும் வீடும் ஒரே முதலாளியின் கையில் இருந்த இடத்தில் இப்பாதுகாப்பு மிக நியாயமானது. பால் டி. வீபியும் எஸ். மாரியப்பனும் 1978இல் வெளியிட்ட மலேசிய இந்தியர் பற்றிய தோட்ட ஆய்விலும் இவ்வழக்கமே பின்பற்றப்பட்டது. ஆனால் இதனால் ஓர் இழப்பும் நேர்ந்தது. பெயர் மாறியதும், அந்தத் தோட்டத்தைப் பற்றிய கம்பெனிக் கோப்பையும் தொழிலாளர் துறைக் கோப்பையும் மானிடவியலாளரின் குறிப்போடு இணைக்கும் கண்ணி அறுந்துவிடுகிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தம் தாத்தா, பாட்டியைப் பற்றித்தான் ஒரு நூல் பேசுகிறது என்பதை அறியாமலேயே அதைக் கடந்து போகக்கூடும். பேசியவர்களின் காலம் முடிந்த பின்பும் பெயரை மறைத்தே வைப்பது யாருக்கு நன்மை என்னும் கேள்வியைக் காப்பகங்களும் ஆய்வாளர்களும் இன்னும் அக்கறையோடு ஆராய வேண்டும்.

துண்டாடல், இடப்பெயர்வு

1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் விற்ற பல தோட்டங்கள் இடைத்தரகர்களால் சிறு துண்டுகளாக்கப்பட்டு விற்கப்பட்டன. இதனால் வேலையை மட்டுமின்றி லயத்தையும் பள்ளியையும் கோயிலையும் இழந்த தொழிலாளரின் நிலையை, பொருளியலாளர் உங்கு அப்துல் அசிஸ் தலைமையிலான மலாயாப் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்து, 1951 முதல் 1960 வரையிலான துண்டாடல் பற்றி விரிவான அறிக்கை அளித்தது. ஒரு தோட்டம் உடைந்தால் அதில் உள்ளவர்கள் எங்கே போகிறார்கள் என்பதைக் கள விசாரணை வழியே பின்தொடர்ந்த வகையில் அது இன்றும் படிக்கத்தக்கது. இதே நெருக்கடிக்கு மறுமொழியாக அரசியல் தலைவர் வி.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடமிருந்து மாதந்தோறும் சிறு தொகை திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். ரப்பர் செம்பனையானதும், நீலாய், சிரம்பான், செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதியானதும் அடுத்தடுத்த அலைகள். லயங்கள் இடிக்கப்பட்டபோது தோட்ட அலுவலகத்தின் பழைய பேரேடுகளும் பல இடங்களில் அவற்றோடு அழிந்தன.

நோய்க்கால ஆவணங்கள்

புக்கிட் பெலண்டோக் உலக அறிவியல் ஏடுகளில் இடம்பெற்றது தோட்ட வரலாற்றால் அன்று. 1998 செப்டம்பரில் பேராக்கில் தொடங்கிய மூளைக்காய்ச்சல் இங்குள்ள பன்றிப் பண்ணைகளுக்குப் பரவியபோது, அது முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 1999இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார்; அருகிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நோயுற்றோரில் சீனப் பண்ணையாளரோடு இந்தியத் தொழிலாளரும் இருந்தனர். யார் பன்றிக்குத் தீனி வைத்தார், யார் நோயுற்ற பன்றியைக் கையாண்டார், யார் வண்டியில் ஏற்றினார் என்று மருத்துவ ஆய்வாளர்கள் வேலையைச் சிறு சிறு செயல்களாகப் பிரித்துக் கேட்டுப் பதிந்த வினாத்தாள்கள், அந்நோக்கம் இல்லாமலேயே உழைப்பு வாழ்வின் ஆவணமாகவும் ஆயின. ஒரு வட்டாரத்தின் நூற்றாண்டு உழைப்பைப் பற்றி எழுதப்பட்டதை விட, சில மாத நோயைப் பற்றி எழுதப்பட்டது உலகெங்கும் அதிகம் வாசிக்கப்படுகிறது. தொழிலாளரின் உடல் பிறருக்கும் ஆபத்தாகக் கூடும் என்னும் நிலையில்தான் அவர் வேலையின் நுணுக்கம் இவ்வளவு கவனத்தைப் பெற்றது என்பது வருத்தத்துக்குரியது.

காப்பகங்களும் பயன்பாடும்

மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் 1957இல் நிறுவப்பட்டது. நெகிரி செம்பிலான் செயலகக் கோப்புகள் அங்கே உள்ளன. ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு நிறுவனமும் அதன் மேலாண்மையில் இருந்த ரப்பர்க் கம்பெனிகளும் விட்டுச்சென்ற பதிவேடுகள் முன்பு லண்டன் மாநகர ஆவணக் காப்பகம் எனப்பட்ட லண்டன் ஆவணக் காப்பகத்திலும், மலாயாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்களின் நினைவுக் குறிப்புகள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலும் உள்ளன. காலனி ஆட்சி முடிந்தபோது மறைவாக இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட கோப்புகள் எஃப்.சி.ஓ. 141 என்னும் தொடராக 2012 முதல் வெளியிடப்பட்டன; அவற்றுள் மலாயாவைப் பற்றியவையும் அடங்கும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் இணைய இதழ்த் தொகுப்பால் ‘தமிழ் முரசு’ உள்ளிட்ட பழைய நாளிதழ்களை இன்று வீட்டிலிருந்தே தேட முடிகிறது.

வரலாற்று ஆய்வுக்கு அப்பாலும் இக்காகிதங்களுக்கு உடனடித் தேவை உண்டு. தோட்டத்தில் பிறந்து, பிறப்புச் சான்றிதழோ அடையாள அட்டையோ இல்லாமல் வளர்ந்த இந்தியர்களின் விண்ணப்பங்களைத் திரட்ட 2011இல் மலேசிய அரசு ‘மைடஃப்தார்’ என்னும் பதிவு இயக்கத்தை நடத்தியது. அத்தகையோர் தாம் இந்நாட்டில் பிறந்தவர் என்று காட்டுவதற்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, தோட்ட மருத்துவமனையின் பிரசவக் குறிப்பு, பெற்றோரின் சம்பளச் சீட்டு, 1951இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதியின் கணக்கு ஆகியவற்றைத் தேடி அலைய வேண்டியுள்ளது. ஆய்வாளருக்கு அடிக்குறிப்பாகப் பயன்படும் ஒரு பழைய பேரேடு, இடிக்கப்பட்ட லயத்தில் பிறந்த ஒருவருக்குக் குடியுரிமைச் சான்றாகிறது; தோட்டத்தை வாங்கும் நிறுவனம் அலுவலக அறையைக் காலி செய்யும் நாளுக்கு முன்பே அப்பேரேடுகளைக் காப்பகத்தில் சேர்க்கும் கடமையை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதுவது தேவையாகிறது.